பெயர் கேட்கும் துப்பாக்கி, வகை கேட்கும் கெரிஸ்

பென்சில்வேனியாவின் பழைய நெடுங்குழல் துப்பாக்கி ஒன்றைப் பார்த்து, அதே மாதிரி கட்டை செதுக்க ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது, "இது யார் செய்தது?" கிளந்தானின் பழைய கெரிஸ் குத்துவாள் பிடி ஒன்றைப் பார்த்து, அதே மாதிரி செதுக்க ஆசைப்படுகிறவர் கேட்பது, "இது எந்த வகை?" மாதிரி தேடப் புறப்படும்போது இந்த இரண்டு கேள்வியும் இரண்டு பேரை இரண்டு வழியில் அனுப்பிவிடுகின்றன. முன்னவர் ஊர், பட்டறை, குரு, சீடன் என்று ஆளைத் தேடிப் போகிறார். பின்னவர் வடிவத்தைத் தேடிப் போகிறார். தேடுகிற வழி மாறும்போது கிடைக்கிற மாதிரியும் மாறிவிடுகிறது.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க நியாயம் இருக்கிறது. இரண்டிலும் கொல்லும் வேலை இரும்புக்கு, அழகு மரத்துக்கு. இரண்டிலும் உடையவன் கை படுவது அந்த மரத்தில்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு இதில் ஒன்று வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கேஎல் சென்ட்ரல் வழியாக நடைபாதையிலேயே தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம். கெரிஸ்களும் மற்ற மலாய் ஆயுதங்களும் அங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. மற்றது கடல்கள் தாண்டி இருக்கிறது. இங்கே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971இல் வந்த துப்பாக்கித் தண்டனைச் சட்டமும் இருக்கையில், பொழுதுபோக்குக்காகச் சக்கிமுக்கித் துப்பாக்கி செய்வது நினைத்தும் பார்க்க முடியாதது. அந்தக் கட்டையின் செதுக்கு வேலையைப் படத்தில் படிக்கலாம், வெறும் பலகையில் உளி பிடித்துப் பழகலாம், அவ்வளவுதான். ஆனாலும் அந்தத் துறையில் மாதிரி தேடும் முறை வளர்ந்திருக்கும் விதம் கெரிஸ் பக்கம் இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடியது.

துப்பாக்கியை முதலில் பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் நாடுகளிலிருந்து பென்சில்வேனியாவுக்குக் குடிபோன துப்பாக்கிக் கொல்லர்கள், தங்கள் ஊரின் குட்டையான வேட்டைத் துப்பாக்கியைப் புது நாட்டில் மெல்ல நீட்டினார்கள். குழலின் நீளமே ஒரு மீட்டரைத் தாண்டியது. கட்டைக்கு அங்கே கிடைத்த மேப்பிள் மரம். அதிலும் குறுக்கே வரிவரியாக ரேகை ஓடும் துண்டுக்குத் தனி மதிப்பு. செதுக்கு வேலை கட்டை முழுக்க இருக்காது. குறி பார்க்கும்போது கன்னம் பதியும் மேட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கொடிச் சுருள், குழலின் வால் கட்டைக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றி ஒரு சின்ன வேலை, மருந்தை இடித்து இறக்கும் கோல் கட்டைக்குள் நுழையும் வாயில் இன்னொன்று. இந்த மூன்று இடங்களைப் பார்த்தாலே தேர்ந்த கண் ஊரைச் சொல்லிவிடும், சில நேரம் ஆளையும் சொல்லிவிடும்.

ஆளைச் சொல்ல முடிவதற்குக் காரணம், குழலின் மேல் பெயர் வெட்டும் பழக்கம். லங்காஸ்டரில் வேலை செய்த ஜேக்கப் டிக்கர்ட் 1740இல் பிறந்து 1822இல் இறந்தவர். அவர் பெயர் வெட்டிய குழல்கள் இன்றும் இருக்கின்றன. மொரேவியன் சபையினரின் கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் பட்டறையில் கிறிஸ்டியன் ஓர்ட்டர் தன் பெயரோடு ஆண்டையும் வெட்டினார். 1775 என்று வெட்டிய அவர் துப்பாக்கி ஒன்று பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இப்படிப் பெயரும் ஆண்டும் ஊரும் ஒரே பொருளில் அமைந்துவிட்டால், பெயர் இல்லாத பத்துப் பொருளை அதன் பக்கத்தில் வைத்து இனம் பிரித்துவிடலாம்.

அந்த இனம் பிரிப்பைப் புத்தகமாக்கியவர் ஜோ கிண்டிக். பென்சில்வேனியாவின் யார்க் ஊரில் பழம்பொருள் வணிகம் செய்தவர். கென்டக்கித் துப்பாக்கி என்றும் பெயர் பெற்ற இந்தத் துப்பாக்கியின் பொற்காலம் பற்றி 1960இல் அவர் வெளியிட்ட பெரிய புத்தகம், துப்பாக்கிகளை வட்டாரவாரியாகவும் கொல்லர்வாரியாகவும் வரிசைப்படுத்தியது. 1980இல் ஜார்ஜ் ஷம்வே குடியேற்றக் காலத் துப்பாக்கிகளைப் பற்றி இரண்டு தொகுதி கொண்டுவந்தார். அவரும் யார்க் ஊர்க்காரரே. இன்று ஒரு செதுக்குக்காரர் லங்காஸ்டர் பாணி, பெட்ஃபர்ட் பாணி, லீஹை பாணி என்று சர்வ சாதாரணமாகப் பேசுகிறார் என்றால் அந்தப் பேச்சுக்குப் பாதை போட்டவை இந்தப் புத்தகங்கள்தாம்.

புத்தகங்கள் இவ்வளவு முக்கியமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்தச் செதுக்கு வேலை ஏறக்குறைய நின்றுபோனது. ஆலையில் செய்த துப்பாக்கி மலிவாக வந்தது. கட்டையில் கொடி ஓட்டுவதற்குக் கூலி கொடுப்பார் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் மறுபடி தொடங்கியவர்களுக்கு உளி பிடித்துக் காட்ட வாத்தியார் இல்லை. வில்லியம்ஸ்பர்க் பழைய நகரில் வாலஸ் கஸ்லர் குழல் முதல் கட்டை வரை தன் கையாலேயே செய்து காட்டியது 1969இல் ஒரு படமாக வந்தபோது அவ்வளவு பேர் அதைப் பார்த்ததற்கு அதுதான் காரணம். அறுந்த சங்கிலியின் இடத்தைப் பழைய துப்பாக்கியும் அதன் புகைப்படமும் நிரப்ப வேண்டியிருந்தது.

புகைப்படமோ இந்த வேலைக்குச் சரியான சாட்சி இல்லை. கட்டையில் கொடியின் புடைப்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான்; பல இடங்களில் அதற்கும் கீழே. சுற்றியுள்ள மரத்தைத் தட்டையான உளியால் தாழ்த்தி, சுரண்டித் தேய்த்து, எங்கே தாழ்த்தினோம் என்பதே தெரியாதபடி கட்டையின் வளைவோடு கலந்துவிடுகிறார்கள். நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அது வெறும் கோடாகத் தெரியும். அதை நம்பி நகல் எடுப்பவர் கோட்டைச் சரியாகப் போட்டுவிட்டு, புடைப்பை இரண்டு மடங்காக்கிவிடுவார். அசலைப் பார்த்தவருக்கு அந்த நகல் ஏதோ வீங்கினாற்போலத் தெரியும். ஒரு பக்கத்திலிருந்து தாழ வெளிச்சம் அடித்து எடுத்த படம் ஓரளவுக்கு உதவும். ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் பள்ளம் மேடாகத் தெரியும் ஆபத்தும் அதில் உண்டு.

இன்னொரு சிக்கல் தேய்மானம். இருநூறு ஆண்டு கைபட்டு மழுங்கிய விளிம்புகளைத்தான் இன்று பார்க்கிறோம். செதுக்கிய அன்று அவை கூர்மையாக இருந்திருக்கும். மழுங்கலையும் சேர்த்து நகல் எடுப்பதா, முதல் நாள் கூர்மையை ஊகிப்பதா என்பதில் கைவினைஞர்கள் இரண்டு கட்சி. எனக்கு ஊகிப்பவர்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது. மழுங்கலை உளியால் செதுக்க முடியாது. உப்புத்தாள்தான் அதைச் செய்யும், அப்புறம் அது செதுக்கு வேலை ஆகாது.

துப்பாக்கிக்கு வெளியே தேடுபவர்களும் உண்டு. பாரிஸில் 1730இல் டி லகொலோம்ப் வெளியிட்ட துப்பாக்கி அலங்கார மாதிரித் தாள்கள், 1754இல் லண்டனில் சிப்பெண்டேல் வெளியிட்ட மரச்சாமான் மாதிரிப் புத்தகம் ஆகியவற்றில் அதே சி வடிவச் சுருளும் அகாந்தஸ் இலையும் இருக்கின்றன. ஆனால் மலையோரப் பட்டறைக் கொல்லர் ஒவ்வொருவரும் பாரிஸ் தாளைப் பார்த்துச் செதுக்கினார் என்று எடுத்துக்கொள்வது அதீதம். அதற்குப் பதில் அவர் தினமும் பார்த்த பொருள்களைப் பார்க்கலாம்: அக்கம்பக்கத்து வீடுகளில் கல்யாணச் சீராக வந்த வண்ணப் பெட்டிகள், ஜெர்மன் குடும்பங்களின் சித்திர எழுத்துப் பிறப்புச் சான்றுகள், கடிகாரப் பெட்டி, கல்லறைக்கல். பாரிஸ் சுருள் அந்த ஊருக்கு வந்து சேர்வதற்குள் பல கைமாறி நாட்டுப்புறச் சாயல் ஏறியிருக்கும். அந்தச் சாயலைத் தாள்களில் பார்க்க முடியாது, பொருள்களில்தான் பார்க்க முடியும்.

இனி கெரிஸ். செய்தவர் பெயர் பிடியில் இருக்காது. அதனால் பேச்சு முழுவதும் வகையைச் சுற்றியே. தீபகற்பத்தில் அதிகம் காண்பது ஜாவா டெமாம் பிடி. காய்ச்சலில் கிடக்கும் ஜாவாக்காரன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து நடுங்கும் ஆள் மாதிரி அது இருப்பதுதான் காரணம். நல்ல பழைய பிடியில் தோளும் முழங்கையும் தெரியும். பிற்காலப் பிடிகளில் ஆள் கரைந்து போய், முழங்கை இருந்த இடத்தில் ஓர் இலை மடிப்பு, முகம் இருந்த இடத்தில் ஒரு தளிர். உருவம் செதுக்குவதை இஸ்லாம் விரும்பாததால் இப்படி ஆனது என்பது பொதுவாகச் சொல்லும் விளக்கம். மாதிரி தேடுபவருக்கு இது மிக முக்கியம். இலையை மட்டும் பார்த்து நகல் எடுப்பவர் பிடியின் வளைவைத் தவறவிடுவார். அந்த இலைக்கு அடியில் ஒரு முழங்கை ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தவர்தான் சரியான இடத்தில் மடிப்பார்.

கிளந்தான், பத்தானிப் பக்கத்துத் தாஜோங் பிடி வேறு ஜாதி. தூக்கி நீண்ட மூக்கு, தலையில் கிரீடம், உடம்பெல்லாம் கொடிக்கருக்கு. பலரும் அதை மீன்கொத்தி என்கிறார்கள். மூக்குக்கு அடியில் உற்றுப் பார்த்தால் பல்வரிசை. மீன்கொத்திக்கு ஏது பல்? வாயாங் பாவைக்கூத்தின் ராட்சச முகம் என்று சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. அப்படியானால் தாஜோங் செதுக்க நினைப்பவர் பழைய பிடிகளோடு கிளந்தான் பாவைகளையும் பார்க்க வேண்டும். ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ, அதில் வெட்டிய கிரீடமும் கண்ணும் மரத்தில் வந்த கிரீடத்துக்கும் கண்ணுக்கும் விளக்கம் சொல்லும்.

அச்சில் கிடைப்பவை குறைவு. 1936இல் ஜெரால்ட் கார்ட்னர் கெரிஸ் பற்றியும் மற்ற மலாய் ஆயுதங்கள் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார். ஜொகூரில் சுங்க அதிகாரியாக இருந்தவர்.  1956இல் ஏ. எச். ஹில் ராயல் ஏசியாட்டிக் சங்கத்தின் மலாயாக் கிளை இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். இருவரும் பிடிகளை வகைவகையாகப் பிரித்தார்கள். செதுக்குபவன் என்ன பார்க்கிறான் என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை. அந்தக் கேள்வியைப் பக்கத்தில் போய்த் தொட்டது ஃபரிஷ் நூர், எடின் கூ இருவரும் 2003இல் வெளியிட்ட மலாய் மரச்செதுக்குப் புத்தகம். அதன் பின்னணியில் நிற்பவர் கிளந்தானின் நிக் ரஷிதின். 2002இல் மறைந்தார். பழைய துண்டுகளைத் தேடிச் சேர்த்து, அவற்றிலிருந்தே படித்துச் செதுக்கியவர்.

மலாய்ச் செதுக்குக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. கொடி எங்கிருந்தாவது முளைக்க வேண்டும், அந்த மூலம் ரகசியமாக இருக்க வேண்டும்; ஒரு தளிர் பக்கத்துத் தளிரைக் குத்தக்கூடாது. கண்ணாடிப் பெட்டியில் பிடியைப் பார்க்கும்போது முதலில் கண் போக வேண்டிய இடம் அந்த மூலம். பெரும்பாலும் அடிப்பக்கத்தில், உலோக வளையத்துக்குச் சற்று மேலே, ஒரு மடிப்புக்குள் அது இருக்கும். பென்சில்வேனியாக் கட்டையிலும் நல்ல கொடி ஒரே தண்டிலிருந்துதான் கிளம்புகிறது. ஒரு சுருள் இன்னொன்றிலிருந்து பிறக்கிறது. அங்கே அதை வாய்மொழிச் சட்டமாக யாரும் வைத்துப் போகவில்லை. பிற்காலத்தவர்கள் பொருளைப் பார்த்துப் பார்த்துக் கண்டெடுத்தார்கள். இங்கே சட்டம் வாயில் இருக்கிறது, பொருளைத்தான் தேட வேண்டும்.

தேடும் இடங்களைக் கொஞ்சம் சொல்லலாம். தேசிய அருங்காட்சியகம் 1963 ஆகஸ்ட் 31 அன்று திறந்தது. அதே இடத்தில் இருந்த பழைய சிலாங்கூர் அருங்காட்சியகம் போரின் கடைசி ஆண்டில் குண்டுவீச்சில் சேதமானது. ஆயுதங்களோடு நின்றுவிடாமல், வளாகத்திலேயே நிற்கும் திரங்கானு மர அரண்மனையையும் சுற்றிப் பார்க்க வேண்டும். பிடியில் விரலளவில் வந்த கொடியே அங்கே சுவர்ப்பலகையில் முழ அளவில் விரிந்திருக்கும். பெரிதாய் இருக்கும்போது உளி எப்படித் திரும்பியது என்பது கண்ணுக்குப் பிடிபடும். 1998இல் திறந்த இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் அங்கிருந்து கிட்டே. உஸ்மானிய, ஈரானிய, இந்திய ஆயுதங்களோடு மலாய் ஆயுதங்களைச் சேர்த்துப் பார்க்கக் கோலாலம்பூரில் அதைவிட நல்ல இடம் இல்லை. ஜாலான் கோன்லேயில் உள்ள கைவினை வளாகத்தில் உளி ஓடும் சத்தத்தோடு வேலையைப் பார்க்கலாம்.

கிள்ளானில் ஹபக் வடிவமைத்து 1909இல் கட்டிய சுல்தான் சுலைமான் கட்டடத்தில் 2007 முதல் அரச காட்சியகம் நடக்கிறது. அங்கே போகும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சிலாங்கூர் அரச மரபு பூகிஸ் வழி. 1766இல் முடிசூடிய முதல் சுல்தான் பூகிஸ் இளவரசர். பூகிஸ் கெரிஸ் பிடி கைத்துப்பாக்கிப் பிடி மாதிரி வெடுக்கென்று வளைந்திருக்கும். கிளந்தான் பிடியின் நீண்ட மூக்கும் கிரீடமும் அதில் இல்லை. ஆனால் இன்றைக்குக் கோலாலம்பூரில் மலாய்ச் செதுக்கு வேலை என்று பேச்செடுத்தாலே கிளந்தானும் திரங்கானுவும்தான். சொந்த மண்ணின் பாணியைத் தேடுகிற கிள்ளான்காரர், வகைப் பெயரை நம்பிப் புறப்பட்டால், கடைசியில் கிழக்குக் கரையில்தான் போய் நிற்பார். யார் செய்தார், எங்கே செய்தார் என்ற துப்பாக்கிக்காரரின் கேள்வியைக் கடன் வாங்க வேண்டிய இடம் இது.

துப்பாக்கிக்காரரின் கேள்வியும் ஏமாற்றும். குழலில் உள்ள பெயர் குழலுக்குத்தான் உத்தரவாதம். கட்டை உடைந்து வேறு ஆள் வேறு ஊரில் புதுக் கட்டை போட்டிருக்கலாம். சக்கிமுக்கி விசையை எடுத்துவிட்டுத் தொப்பி வெடி விசைக்கு மாற்றி, நூறு ஆண்டு கழித்துச் சேகரிப்பவர் ஒருவர் மறுபடி சக்கிமுக்கிக்கே மாற்றியிருக்கலாம். கெரிஸில் இது இன்னும் சகஜம். அலகுக்கு ஒரு வயது, பிடிக்கு ஒரு வயது, உறைக்கு ஒரு வயது. அலகு மூன்று தலைமுறை இறங்கி வந்திருக்கும். பிடி அப்பா காலத்தில் மாற்றியது. ஆகவே அருங்காட்சியகச் சீட்டில் நூற்றாண்டு போட்டிருந்தால், அது எந்தப் பாகத்தின் நூற்றாண்டு என்று கேட்டுக்கொள்வது நல்லது. இரும்பைப் பார்த்து எழுதிய ஆண்டை மரத்துக்கு ஒட்டவைத்த மாதிரிகள் செதுக்குபவரை நேராகத் தவறான காலத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

தமிழர்களாகிய நமக்கு இந்த இரண்டும் சற்று விசித்திரமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. நம் ஸ்தபதி தேடுவது ஆளையும் இல்லை, வகையையும் இல்லை, அளவை. உத்தம தசதாலம் என்றால் 124 அங்குலம், அதில் முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு. மயமதமும் மானசாரமும் சொல்வதைக் கணபதி ஸ்தபதி தமிழில் சிற்பச் செந்நூலாக எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜாலான் துன் எச். எஸ். லீ மாரியம்மன் கோயிலின் ஐந்து நிலை ராஜகோபுரத்தில் நிற்கும் சுதைகளுக்கு முன்னால் அளவு நின்றது. ஆனால் அளவுநூல் உருவத்துக்குத்தான் துணை. தேரிலும் வாகனத்திலும் ஓடும் கொடிக்கருக்குக்கு அங்குலக் கணக்கு உதவாது. அதை ஸ்தபதியும் பழைய தேர்ப்பலகையைப் பார்த்துத்தான் பிடிக்கிறார். அந்த இடத்தில் மூவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆயுத அலங்காரத்துக்கு நம்மிடமும் ஒரு பெருங்களஞ்சியம் இருந்தது. 1855இல் தஞ்சை மராத்திய அரசு முடிந்தபின், 1860களில் அரண்மனை ஆயுதசாலையைக் கலைத்தார்கள். பெரும்பகுதி உடைத்த இரும்பாகப் போனது. தேர்ந்தெடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. சில விற்பனையாகிக் கடல் கடந்து, நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இன்று கட்டாரிகளாக நிற்கின்றன. 2004இல் ராபர்ட் எல்குட் இந்து ஆயுதங்களைப் பற்றி எழுதிய புத்தகம் இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது. கட்டாரிப் பிடியில் எஃகில் வெட்டிய யாளியையும் மகரத்தையும் மரத்தில் செதுக்க நினைக்கும் கிள்ளான் வாகனத் தச்சருக்கு அது நல்ல மாதிரி.

எந்தப் பக்கம் தேடுவது சுலபம் என்று கேட்டால், இந்த ஊர்க்காரருக்குக் கெரிஸ் என்பேன். அச்சில் குறைவு, ஆனால் பொருள் எட்டும் தூரத்தில் இருக்கிறது, செதுக்கும் கை இன்னும் உயிரோடு இருக்கிறது. கெரிஸில் குறைவது பதிவு. துப்பாக்கி உலகம் ஒரு துப்பாக்கியைப் பதிவு செய்தால் இடப்பக்கம், வலப்பக்கம், கன்னமேடு, குழல்வால், இடிகோல் வாய் என்று ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாக, எப்போதும் ஒரே கோணத்தில் எடுக்கிறது. அதனால் இரண்டு கொல்லர்களின் கையைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. கெரிஸ் பிடியோ சுற்றிலும் செதுக்கிய சிற்பம். புத்தகங்களோ பெரும்பாலும் ஒரே பக்கவாட்டுப் படத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. உள்ளங்கையில் பதியும் முதுகுப்பக்கம், விரல் மடங்கும் வயிற்றுப்பக்கம், அடிவளையத்துக்கு மேல் கொடி முளைக்கும் மூலம், மூன்றும் படத்துக்கு வெளியே போய்விடுகின்றன. இனிமேல் பிடியைப் பதிவு செய்பவர்கள் நான்கு பக்கமும், உச்சியும், அடியும், அளவுகோல் பக்கத்தில் வைத்து, ஒரே பக்கத்து வெளிச்சத்தில் எடுத்து, எந்தப் பக்கம் என்று எழுதியும் வைத்தால் போதும். கெமுனிங் மரத்தில் செய்த பிடியாயிருந்தால் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் குறிக்க வேண்டும். கறிவேப்பிலைக்கு உறவான அந்த மரத்தில் ரேகைக்கு எதிராக உளி போனால் தளிரின் நுனி உதிர்ந்துவிடும். பழையவர்கள் எந்தத் தளிரை எந்தப் பக்கம் வளைத்தார்கள் என்பதில் பாதி, மரம் விட்ட வழிதான்.